இரண்டு பிறந்த நாட்கள்

ஆவணி 19

நாற்பது வாரக் கர்ப்பவாசம் நிறைவதற்குப் பதின்மூன்று வாரங்கள் முன்பாகவே, 900 கிராம் எடையோடு பிறந்துவிட்ட என் பேத்திக்கு இன்று இருபத்தைந்தாம் நாள். முப்பது நாட்களுக்குள் விழித்திரையைப் பரிசோதித்தாக வேண்டும் என்பதால் கண் வைத்தியர் வந்து பார்த்தார். கருவின் பதினாறாம் வாரத்தில் கண் நரம்பின் முனையிலிருந்து புறப்படும் ரத்தக் குழாய்கள் நாற்பதாம் வாரத்தை ஒட்டியே விழித்திரையின் விளிம்பை எட்டுமாம். இவளுக்கு அந்த யாத்திரை பாதி வழியில் நிற்கிறது. இப்படிக் குழாய் வளர்ச்சி தடைப்படுவதால் குறைமாதச் சிசுக்களுக்கு வரும் விழித்திரை நோயை 1942இல் பாஸ்டன் நகரத்து டாக்டர் டெரி விவரித்தார். உயிர் காக்கவென்று தாராளமாக அளித்த பிராணவாயுவே காரணமாகலாம் என்று 1951இல் மெல்பர்ன் நகரத்து டாக்டர் கேட் காம்பெல் சந்தேகித்தார். அந்தக் காலத்தில் பார்வையிழந்த சிசுக்கள் சுமார் பத்தாயிரம் என்பதை நினைக்க நெஞ்சு பதறுகிறது.

புரட்டாசி 25

ரத்தக் குழாய்கள் முறை தவறி வளரத் தொடங்கியதால் இன்று லேசர் சிகிச்சை நடந்தது. குழாய்கள் சென்றடையாத ஓரப்பகுதியைச் சுட்டு, நடுப்பார்வையைக் காப்பதே அதன் தத்துவம். இவ்வளவு சிறிய கண்ணிலும் ஒரு பகுதியைத் தியாகம் செய்ய நேர்ந்ததே என்று மகள் அழுதாள்.

வைகாசி 30

பத்து மாதமாகியும் உட்காரவில்லையே என்று உறவினர் கேட்கக் கேட்கக் கலங்கிய மகளிடம், "முந்திப் பிறந்த வாரங்களைக் கழித்துவிட்டு வயதைப் பாரம்மா, ஏழு மாதந்தான்" என்றார் வைத்தியர். ஆயினும் துணி மாற்றும்போது கால்கள் விறைத்துக் குறுக்கே பின்னிக்கொள்வதை அவர் கவனியாமல் விடவில்லை. மூளையின் நீரறைகளை ஒட்டிய வெண்பகுதி, கருவின் முப்பத்திரண்டாம் வாரம்வரை மிக எளிதில் ஊறுபடும். கால்களுக்கு ஆணை கொண்டு செல்லும் நரம்பிழைகள் அங்கேதான் செல்கின்றன. பார்வையின் இழைகளும் அதன் அண்டையிலேயே செல்வதால், விழி தேறிய பின்னும், கண்டதை இன்னதென்று உணர்வதில் மூளை இடறக்கூடும். குறைப்பிரசவத்துக்கும் கால் விறைப்புக்குமுள்ள சம்பந்தத்தை 1861இலேயே லண்டனில் டாக்டர் லிட்டில் எடுத்துரைத்தாராம். ஆகவே கண்ணையும் காலையும் ஒருசேரப் பள்ளிப் பருவம்வரை கவனித்து வருவது, உயிரைக் காத்ததற்குச் சற்றும் குறையாத கடமையென்று உணர்ந்தேன்.

நாளை முதல் உடற்பயிற்சி. நாட்குறிப்பின் முதற்பக்கத்தில் அவள் பிறந்த ஆடி 26க்குக் கீழே, பிறந்திருக்க வேண்டிய ஐப்பசி 24ஐயும் எழுதிவைத்தேன். எங்கள் கணக்கு இனி அந்த நாளிலிருந்துதான்.