வெள்ளகவி வழியே இறக்கம்

கடைசி நாள் வெறும் இறக்கம்தானே என்று துள்ளிக்கொண்டு கிளம்பினோம். வட்டக்கானலில் பனி இன்னும் விலகவில்லை. முந்தைய இரவு போர்வைக்குள் நடுங்கியதும், அடிபிடித்த உப்புமாவும், கால் விரலிடுக்கில் ஒட்டிய அட்டையைச் சுண்ணாம்பு தடவி உதிர்த்ததும் அதற்குள் பழங்கதையாகிவிட்டன. பி.டி. சார் மட்டும் ஒவ்வொருவனின் ஷூ நாடாவையும் குனிந்து இழுத்துப் பார்த்தபடி வந்தார். "ஏத்தத்துல மூச்சுதாண்டா வாங்கும், எறக்கத்துல முட்டி போயிரும். பைய எறங்குங்க."

டால்பின் நோஸ் பாறைக்கு வந்தபோது பனி கலைந்து கீழே எங்கள் ஊர் தெரிந்தது. பெரியகுளத்துப் பிள்ளைகள் நாங்கள். பிறந்ததிலிருந்து வடக்கே தலை தூக்கினால் இந்த மலை. அது வெறும் நீலச் சுவர், அவ்வளவுதான். அங்கிருந்து திரும்பிப் பார்த்ததில்லை. கண்மாய்களும் தென்னந்தோப்புகளும் 1,500 மீட்டருக்கும் கீழே கிடந்தன. தன் வீட்டுக் கூரையைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள்.

அதன்பிறகு சோலைக்காடு. வேர்களே படிக்கட்டு. ஒரு வளைவில் காட்டுமாட்டின் சாணம் சூடு ஆறாமல் கிடந்தது. சார் கையை உயர்த்த, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாடு எங்கேயும் கண்ணில் படவில்லை. அரை மணி நேரத்தில் தொடை தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. கால் கட்டைவிரல் ஷூவின் முனையில் போய் முட்டி முட்டி, நகக்கண்ணில் ரத்தம் கட்டியது. அதுவரை மலை என்றால் ஏறுவது மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

வெள்ளகவி எல்லையில் ஒரு பெரியவர் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டுச் சைகை காட்டினார். அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே சாமி இருக்கும் இடம். ஷூக்களைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். புண்ணான விரல்களுக்கு அந்தக் குளிர்ந்த மண் பட்டபோது கிடைத்த சுகத்தை இன்றும் என் பாதம் அறியும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நடுவே கோயில், முற்றத்தில் உலரும் காப்பிப் பழத்தின் புளித்த வாசனை. ஒரு அப்பத்தா கூடை நிறைய கமலா ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

1821இல் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இந்த ஊரில் தங்கித்தான் மேலே ஏறிக் கொடைக்கானலை அளந்தார் என்று வரலாற்று சார் சொன்னார். அமெரிக்க மிஷனரிகள் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டியது 1845இல்தான். வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மலைச்சாலை வந்ததும் வண்டியெல்லாம் அந்தப் பக்கம் போனது. நாங்கள் போனபோது வெள்ளகவிக்கு அரிசி, சிமெண்ட், எதுவானாலும் குதிரை முதுகில்தான். பெரியவர் ஒரு வீட்டின் இறவாணத்தில் செருகியிருந்த நீண்ட கம்பையும் மடித்த கம்பளியையும் காட்டினார். "பிள்ளவலி எடுத்தாலும் பாம்பு கடிச்சாலும் இந்த டோலிதான் தம்பி. நாலு பேரு தூக்க, மாத்துக்கு நாலு பேரு பின்னால ஓடுவோம்." நாங்கள் சுற்றுலா வந்த அதே பாதையில். எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பயணத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது எனக்கு அந்த இறவாணத்தடியில் கிடைத்தது என்றே இன்றுவரை நம்புகிறேன்.

ஊரைத் தாண்டியதும், "வழி விடுங்க சாமி" என்று பின்னால் குரல். ஆரஞ்சு தந்த அதே அப்பத்தா. தலையில் மூட்டை, வெறுங்கால். எங்களைக் கடந்துபோனவர், முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்ட என் நண்பனைக் கண்டு நின்றார். "நேரா எறங்காதய்யா. குருத எறங்குறதப் பாத்ததில்லையா? வளஞ்சு வளஞ்சு வரும். குதிங்கால ஊனாத, முட்டிய லேசா மடக்கு." பாதையில் குளம்புத் தடங்களைக் காட்டினார். உண்மைதான், அவை இடமும் வலமுமாகக் கோணிக் கோணிப் போயிருந்தன. அந்தத் தடத்திலேயே கால் வைத்து இறங்கினோம். நண்பன் கடைசி வரை நடந்தே வந்தான்.

இறங்க இறங்க வெயில் ஏறியது. ஸ்வெட்டர்கள் இடுப்புக்கு வந்தன. காப்பியும் மிளகும் பின்தங்கி மூங்கிலும் முள்ளும் வந்தன. பிறகு இலவம், மா. கும்பக்கரையில் தண்ணீர் இரைச்சல் கேட்டதும் நகக்கண் வலியெல்லாம் மறந்து ஓடினோம். காலையில் வட்டக்கானலில் தாண்டி வந்த அதே பாம்பாறு, எங்களுக்கு முன்பாக இறங்கி வந்து பாறைக் கசங்களில் நிரம்பிக் கிடந்தது. ஆழமான கசங்களின் பக்கமே போகக்கூடாது என்று சார் கரையில் குறுக்கே நின்றுகொண்டார். கணுக்கால் நீரில் உட்கார்ந்து அப்படியே கிடந்தோம்.

பெரியகுளம் பஸ்ஸில் அப்பத்தாவும் இருந்தார். அவருடைய மூட்டையை ஏற்றிவிட்டது பி.டி. சார்தான். மார்க்கெட்டில் இறங்கும்போது கேட்டேன்: "திரும்ப எப்ப ஏறுவீங்க அப்பத்தா?"

"மக வீட்டுல படுத்துட்டு வெள்ளென ஏறிருவேன்யா. வெயிலுக்கு முன்னாடி பாதி மல தாண்டிரணும்ல." அதற்குள் உப்பும் மண்ணெண்ணெயும் பேரனுக்கு ஒரு சிலேட்டும் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.