அன்னதானக் கூடத்து வெள்ளைக் கோடு

 

முதல் ஆடி வெள்ளிக்குச் சாப்பிட வந்தவர்களில் பலர் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீங்க. “புது டேபிள் டாப் நல்லாத்தான் இருக்கு, ஆனா நடுவுல என்ன வெள்ளையா ஒரு கோடு?”

அந்தக் கோடு இப்போது இல்லை. போன வெள்ளிக்கிழமை வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். அது ஏன் வந்தது, எப்படிப் போனது என்று சொல்லவேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது. கூடவே கேட்கவேண்டிய மன்னிப்பு ஒன்றும் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

பழைய பரிமாறும் மேடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிமெண்டு மேல் டைல்ஸ். டைல்ஸ் இடுக்கில் சாம்பாரும் பாயசமும் இறங்கிக் கறுத்துப்போய், எவ்வளவு தேய்த்தாலும் மறுநாள் எறும்பு வரிசை நிற்கும். அதனால்தான் ஓர் உபயக் குடும்பம் சோலிட் சர்ஃபேஸ் பலகை வாங்கித் தர முன்வந்தது.

இது மலையில் வெட்டிய கல் இல்லை. அக்ரிலிக் பிசினோடு அலுமினியத் தாதுவிலிருந்து எடுக்கும் வெள்ளைப் பொடியைக் கலந்து வார்த்த பலகை. 1967-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் ‘கோரியன்’ என்ற பெயரில் உருவாக்கியது. இப்போது பல கம்பெனிகள் இதே வகையைச் செய்கின்றன. இதில் தண்ணீர் இறங்கும் துளைகள் கிடையாது. இரண்டு பலகையை அதே அக்ரிலிக் வகைப் பசையால் ஒட்டித் தேய்த்துவிட்டால், ஒரே பலகை மாதிரி ஆகிவிடும். அழுக்கு உட்கார இடுக்கே இருக்காது. எங்களுக்கு வேண்டியது அதுதான்.

நம் மேசை 16 அடி. நாங்கள் வாங்கிய பலகை ஒன்று 12 அடி நீளம். ஆகவே நடுவில் ஓர் ஒட்டு கட்டாயம் வரும்.

ஒட்டுவதற்கு நம் தொண்டர்களிலேயே ஓர் அண்ணன் இருக்கிறார். பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் விடியற்காலையில் பாலம் கடந்து, பல வருஷம் சிங்கப்பூரில் கேபினெட், டேபிள் டாப் வேலை பார்த்தவர். “கூலி வேணாம், அம்மாவுக்குச் செய்யுறேன்”னு வந்தார். எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“தம்பி, பசைக் கலரைப் போன்ல பாத்து வாங்காதீங்க. ரெண்டு மூணு கலர் எடுத்து வாங்க. வெட்டிப்போட்ட துண்டுல ஒட்டிப் பாப்போம். காய்ஞ்சு தேய்ச்ச பிறகுதான் அதோட நெஜக் கலர் தெரியும். எனக்கு ஒரு நாள் குடுங்க.”

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? “நேரம் இல்லண்ணே, நாளைக்கு முதல் ஆடி வெள்ளி. பலகை வெள்ளைதானே, வெள்ளைப் பசை வாங்கியாச்சு.”

பலகை வெள்ளை இல்லை. வெளிர் சந்தன நிறம், அதில் பழுப்புப் பொட்டுகள். கடையின் கண்ணைக் கூசும் விளக்கில் பார்த்து வெள்ளை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அண்ணன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, சரி என்று ஒட்டினார். ராத்திரி தேய்த்து முடித்ததும் தெரிந்தது, மேசைக் குறுக்கே திருநீற்றுப் பட்டை போட்டது மாதிரி ஒரு கோடு.

மறுநாள் உபயக் குடும்பத்தின் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு முகம் வாடிப்போனார். அப்போது எங்களில் ஒருவர், கூட்டத்துக்கு நடுவில் அண்ணனைப் பார்த்து, “இத்தனை வருஷம் சிங்கப்பூர்ல என்னதான் வேலை பாத்தீங்க?” என்று கேட்டுவிட்டார். கேட்டது யார் என்று இங்கே பிரிக்கவேண்டாம். சுற்றி நின்ற மற்றவர்களில் ஒருவர்கூட, ‘பசை வாங்கினது நாங்கதான், அவரு வேணாம்னாரு’ என்று வாய் திறக்கவில்லை. அண்ணன் பதில் பேசவில்லை. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மன் சந்நிதியில் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் அவர் வரவில்லை.

கோட்டை எப்படியாவது மறைக்கவேண்டுமே என்று நாங்களே இறங்கினோம். சிங்க் வைக்க வெட்டிய துண்டு கிடங்கில் இருந்தது. அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, நாலு கலர் பசை வாங்கினோம். முன்பு அண்ணனுக்கு உதவிய இளைஞர் ஒருவருக்கு வேலை ஓரளவு தெரியும். இந்தப் பசை இரண்டு பாகமாக வரும். முனையில் இருக்கும் குழாய்க்குள் இரண்டும் கலந்து வெளியே வரும். முதலில் வருவதைக் கழித்துவிட வேண்டும், அதில் இரண்டும் சரியாகக் கலந்திருக்காது. கலந்த பிறகு ஏறக்குறைய 10 நிமிடம்தான் நேரம், நம்ம ஊர் வெக்கையில் அதுவும் குறையும். பிதுங்கி வருவதைத் துடைக்கக் கூடாது, காயவிட்டுத்தான் தேய்க்கவேண்டும்.

நாலையும் தேய்த்து வரிசையாக வைத்தோம். வெள்ளை, பழையபடி பட்டை. ஒளி ஊடுருவும் நிறமில்லாத பசை எதிலும் சேரும் என்று நம்பி வாங்கினோம், வெளிர் பலகையில் அது அழுக்குத் தண்ணீர் மாதிரி சாம்பல் கோடாகத் தெரிந்தது. சந்தன நிறப் பசை பலகையோடு கலந்துவிட்டது, ஆனால் பழுப்புப் பொட்டுகளைக் குறுக்கே வெட்டிய இடத்தில் மட்டும் வெளிறித் தெரிந்தது. அதைவிட ஒரு படி கறுத்தது நாலாவது. எது சரி என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம்.

அப்போதுதான் உறைத்தது. அண்ணன் கேட்ட ஒரு நாள் இதற்குத்தான்.

அந்த நாலு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணிதான் கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாக, “அன்னைக்கு ராத்திரி அவரு சாப்பிடவே இல்ல. சோறு போடுற எடத்துல பேச்சு வாங்கிட்டு வந்துட்டேன்னாரு” என்றார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

அண்ணன் வந்தார். மன்னிப்புக் கேட்டோம். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. துண்டுகளை வாங்கி, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“எதப் போடலாம்னு நெனைக்கிறீங்க?”

சந்தன நிறத்தைக் காட்டினோம்.

“இங்க கையில வெச்சிப் பாத்தா அதுதான். தட்டு ஏந்திக்கிட்டு வர்றவங்க எங்க நிப்பாங்க? அங்க நின்னு பாக்கணும். நம்ம கூடத்துல காலையில வெயில் விழும், ராத்திரி மஞ்ச லைட்டு. ரெண்டுலயும் பாக்கணும்.”

மறுநாள் துண்டுகளோடு கூடத்துக்கு வந்தார். மேசை மேல் வைத்துவிட்டு, ஒரு பகல் ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும் என்றார். நாங்கள் காலையில் ஒரு தடவை, விளக்குப் போட்ட பிறகு ஒரு தடவை, வரிசையில் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தோம். வெயிலில் நன்றாக இருந்த சந்தன நிறம் ராத்திரி மஞ்சள் விளக்கில் மெல்லிய வெளிர் இழையாகத் தெரிந்தது. ஒரு படி கறுத்தது இரண்டு வெளிச்சத்திலும் பொட்டுகளோடு பொட்டாகப் போய்விட்டது. “ரெண்டுக்கு நடுவுல சந்தேகம் வந்தா, கொஞ்சம் கறுத்ததையே எடுங்க. கறுப்பு நெழல் மாதிரி போயிரும். வெளுப்பு கண்ணுல குத்தும்” என்றார்.

பிறகு இரண்டு பலகையின் அடியிலும் குனிந்து, அச்சடித்த தயாரிப்பு எண்ணைப் பார்த்தார். எண் ஒன்றாக இருந்தது. வேறாக இருந்தால் பலகைகளே லேசாக நிறம் மாறும், அப்போது எந்தப் பசை போட்டாலும் ஒட்டு தெரியும் என்றார்.

பழைய ஒட்டை நேராக வெட்டி எடுத்துவிட்டு, ஒரு பக்கப் பலகையை நகர்த்திச் சேர்த்தார். சுவர் ஓரத்தில் வந்த சின்ன இடைவெளியைப் பின்பலகை மூடிக்கொண்டது. ஓரங்களை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க, நாங்கள் பழைய மஞ்சள் வேட்டித் துணியை நீட்டினோம். கையைத் தட்டிவிட்டார். “வெள்ளைத் துணி மட்டும். சாயத் துணியோட ஒரு நூலு ஒட்டுக்குள்ள மாட்டினாலும் காலத்துக்கும் தெரியும்.” மடப்பள்ளியிலிருந்து வந்த தம்பியின் விரலில் மஞ்சள் இருந்தது, அவரையும் கை கழுவ அனுப்பினார். கிளாம்பை இறுக்கி முறுக்கப் போனவரையும் தடுத்தார். ரொம்ப இறுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்துவிடும், உள்ளே பிடிக்க ஒன்றும் இருக்காது. அடியில் அதே பலகையில் ஒரு பட்டை வைத்து ஒட்டி, பலம் கொடுத்தார். காய்ந்த பிறகு ஒட்டை மட்டும் தேய்க்காமல், இரண்டு பக்கமும் அகலமாக ஒரே பதத்துக்குத் தேய்த்தார். பளபளப்பு மாறினால் அதுவே வேறு நிறம் மாதிரி தெரியுமாம்.

இப்போது ஒட்டு எங்கே என்று தெரிந்தவர் குனிந்து தேடினால் கண்டுபிடிக்கலாம். மாயமாக மறையும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, கண்ணில் படாமல் இருக்கும் என்பதுதான் சரி. போன வாரம் உபயக் குடும்பத்துப் பெரியம்மா மேசையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “எங்கப்பா ஒட்டு?” என்று கேட்டார். அண்ணன் சிரித்தார், காட்டவில்லை.

வீட்டில் இந்த வகை டேபிள் டாப் போடப்போகிறவர்களுக்கு நாங்கள் பட்டதிலிருந்து சொல்கிறோம். பலகைகள் ஒரே தயாரிப்பு எண்ணா என்று பாருங்கள். பசையை உங்கள் பலகைத் துண்டில் ஒட்டி, தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் துண்டை உங்கள் அடுப்படி வெளிச்சத்தில் பகலிலும் ராத்திரியிலும் பாருங்கள். ஒட்டை மறைக்கும் வேலைக்குப் போதுமான நேரம் கொடுங்கள். சிங்க் வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் பழுதுபார்க்க உதவும். பசைக் குழாயில் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

நம் மேசைக்காக ஒரு வேண்டுகோள். கூழ்ப் பானையையும் சாம்பார் வாளியையும் அடுப்பிலிருந்து இறக்கி நேராக மேசைமேல் வைக்காதீர்கள். பலகை கட்டைகள் ஓரத்தில் இருக்கின்றன, அவற்றின் மேல் வையுங்கள். மஞ்சளோ குங்குமமோ சிந்தினால் உடனே சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். விளக்கும் கற்பூரமும் அங்கே ஏற்றவேண்டாம்.

கடைசியாக ஒன்று. அண்ணனைக் கூட்டத்துக்கு நடுவில் பேசினோம். அதனால் மன்னிப்பை அவர் வீட்டுக்குள் மட்டும் கேட்டால் போதாது என்று இங்கே எல்லார் முன்னாலும் எழுதுகிறோம். அன்றைக்குத் தவறு அவருடையது இல்லை, எங்களுடையது. அவர் வெள்ளிக்கிழமைகளில் மறுபடியும் வருகிறார், பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறார். குழுக் கூட்டத்துக்கு மட்டும் இன்னும் வரவில்லை. நாங்கள் அவசரப்படுத்தவில்லை. அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியை எடுக்காமல் வைத்திருக்கிறோம்.

வரும் வெள்ளியும் அன்னதானம் உண்டு. குடும்பத்தோடு வாருங்கள். அம்மன் அருள் அனைவருக்கும் கிடைக்கட்டும்.

ஓம் சக்தி பராசக்தி.

அன்னதானக் குழுத் தொண்டர்கள்