உமி பாய்லருக்கு வயரிங்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் உமி பாய்லரின் பேனலைத் திறந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க மரத்தூள் பெல்லட் எரிப்பார்கள். நம் டெல்டாவில் அந்த இடம் உமிக்கு. நெல் எடையில் சுமார் 20 சதவீதம் அதுதான். சூடாவது வீடல்ல, புழுங்கல் நெல்.

வயரிங்கில் முக்கியம் இன்டர்லாக். புகையை இழுக்கும் ஃபேன் ஓடினால்தான் உமி தள்ளும் ஸ்க்ரூ மோட்டார் ஓட வேண்டும். ஃபேன் கான்டாக்டரின் துணைக் கான்டாக்ட் ஒன்றை ஸ்க்ரூவின் கன்ட்ரோல் லைனில் சீரீஸாகச் சேர்த்தால் முடிந்தது. செலவு சொற்பம், ஆனால் இதில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள்! ஃபேன் நின்று ஸ்க்ரூ மட்டும் ஓடினால் நெருப்பு பின்வாங்கி உமித் தொட்டிவரை ஏறலாம். தண்ணீர் மட்டம் தாழ்ந்தாலும் ஸ்க்ரூ நிற்க வேண்டும்.

கரண்ட் போனால்? டீசல் பர்னர் உடனே அணையும். உமி அணையாது. உள்ளே கனன்றபடி நீராவியைக் கிளப்பும். தண்ணீர் பம்போ நின்றிருக்கும். ஆகவே ஜெனரேட்டரில் லோடு குறைக்க பாலிஷரை நிறுத்துங்கள், எலிவேட்டரை நிறுத்துங்கள். பாய்லர் பம்ப் மீது மட்டும் கை வைக்காதீர்கள்.

அப்புறம், பேனல் கதவுக்கு ரப்பர் கேஸ்கெட் போடுங்கள். உமித்தூசி எங்கும் நுழையும்.