ஒருநாள் விருந்தினர்

துறைமுக நகரங்களுக்கு ஒரு தனி இயல்புண்டு. காலையில் வந்தோரை வரவேற்று மாலையில் வழியனுப்பிவிடும். சீனன்குடாவிற் பிறந்து, இக்குடாவின் நீரைப் பார்த்தே வளர்ந்த எனக்குக் கப்பல்களின் வரவும் செலவும் கதிரவன் எழுவதும் மறைவதும் போன்றனவே. ஆயினும், பங்குனி மாதத்தில் வந்த உல்லாசப் பயணக் கப்பலொன்று என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. என் பள்ளித்தோழர் ஒருவர் தம் மனைவி மக்களுடன் அதில் வந்திருந்தார்.

1990ஆம் ஆண்டில் நம் கல்லூரி வகுப்பறையில் என்னருகே அமர்ந்திருந்தவர் அவர். போரின் காரணமாகப் பெற்றோருடன் ஊரைவிட்டகன்று, டென்மார்க் நாட்டிற் குடியேறியவர். கப்பல் இங்கு தங்குவது ஒரு பகல் மட்டுமே. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிரிவை அப்பகலுக்குள் அடக்கவேண்டியிருந்தது.

முதலிற் கோணேசர் மலைக்குச் சென்றோம். கோட்டை வாயிலில் மேய்ந்த மான்களைக் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்தனர். 1622இற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்ததையும், அதன் கற்களைக்கொண்டு 1624இற் கோட்டை எழுப்பியதையும், 1963இல் மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்ததையும் எடுத்துரைத்தேன். பதினொரு வயது மகள் பிறர் வீட்டுக் கதை கேட்பவள்போல நின்றாள்.

“கோயில் இடிபடுவதற்கு ஈராண்டு முன்னரே உங்கள் நாட்டார் இங்கு வந்தனர், தெரியுமா?” என்றேன். அவள் கண்கள் விரிந்தன.

கண்டியரசர் செனரத்தின் தூதரெனச் சென்ற போஷோவர் என்னும் ஒல்லாந்தர், 1618இல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுடன் உடன்படிக்கை செய்தார். போர்த்துக்கேயருக்கு எதிராகக் கண்டிக்குத் துணைசெய்யக் கப்பல்கள் கொப்பன்ஹேகனிலிருந்து புறப்பட்டன. தூதரோ நடுவழியில் மாண்டார். 1620இல் ஓவே ஜெடே என்னும் இளந்தளபதி இலங்கையை அடைந்தபோது, தூதர் கொடுத்த வாக்கைக் கண்டியரசர் ஏற்கவில்லை. திருகோணமலையிற் கோட்டையெழுப்பும் முயற்சியும் கைகூடவில்லை. அவ்வாண்டு கார்த்திகையில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றதே அவர்கள் கண்ட பயன். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தமிழெழுத்துப் பொறித்து விடுத்த பொன்னோலை கொப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது.

“கொப்பன்ஹேகனில் வட்டக் கோபுரம் கட்டினவர் அந்தக் கிறிஸ்தியான்தான். எங்கட ராசா மாமா!” என்றாள் சிறுமி. அதன்பின் அவள் கேட்ட கேள்விகளுக்கு எல்லையில்லை.

நண்பகலிற் சீனன்குடாவுக்கு மீண்டோம். காட்டினிடையே ஆங்கிலேயர் காலத்து எண்ணெய்த் தொட்டிகள் தோன்றின. எஞ்சியுள்ளவை 99 என்றும், 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் இங்கு குண்டுவீசின என்றும் கூறினேன். நண்பர் எதையும் கேட்டாரல்லர். அவர் பார்வை பழைய வீட்டுவழியையே நாடியிருந்தது.

வீடு இல்லை. அந்நிலத்தில் வேறொரு குடும்பம் வேறொரு வீடமைத்து வாழ்கின்றது. கிணறு மாத்திரம் முன்போலவே இருந்தது. நண்பர் அதன் கட்டைத் தொட்டபடி நின்றார். “அப்பா, இது எங்கட கிணறோ?” என்றாள் மகள். தந்தைக்கு மறுமொழி வரவில்லை. அவ்வீட்டு அம்மையார் வாளியில் நீரள்ளி வந்து, “உங்கட கிணறுதான் பிள்ளை, குடி” என்றார். சிறுமி இரு கைகளிலும் ஏந்திக் குடித்தாள். நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையிற் கப்பல் புறப்பட்டது. காலையில் ‘எங்கட ராசா’ என்றவள், ‘எங்கட கிணறு’ என்று தன் தம்பிக்குச் சொல்லிக்கொண்டு சென்றாள். ஒரு சொல் இரண்டு நாடுகளைத் தாங்குவதைக் கண்டேன். ஒன்றை விட்டால்தான் மற்றொன்று கிட்டும் என்று அப்பிள்ளை எண்ணவில்லை. பெரியோராகிய நாம் அன்றோ அவ்வாறு எண்ணி வருந்துகின்றோம்!

கடல்கடந்து வாழும் பழைய மாணவ அன்பர்காள்! ஒருபகல்தான் உண்டெனினும் வருக. மக்களையும் அழைத்து வருக. வந்தவருக்கு வழிகாட்டவும், கதை சொல்லவும், ஒரு கை நீர் வார்க்கவும் இங்கிருப்போர் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். ஊரின் வரலாற்றை ஐயமறக் கற்றுவைத்தல் எம் கடன். அதைக் கேட்க வருதல் உங்கள் கடன். இவ்விரண்டும் நிகழுமாயின், நம் கல்லூரி அன்னையின் பிள்ளைகளுள் எவரும் இவ்வூருக்கு ஒருநாள் விருந்தினர் ஆகார்.