பதினோரு மணிக்கு மேல்

மாடி வீட்டுக்குப் பியானோ வந்து இறங்கிய அன்று அது பியானோ என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ஆள் நீளத்துக்கு ஓர் அட்டைப் பெட்டி. தனியாகக் கட்டிய கால்கள். தூக்கி வந்த இருவரும் படித் திருப்பத்தில் பெட்டியை நிமிர்த்தி, சாய்த்து, சுவரின் சுண்ணாம்பைக் கொஞ்சம் உரசி மேலே கொண்டுபோனார்கள். எதிர்வீட்டு அம்மாள் கட்டில் என்றார். இஸ்திரி வண்டிக்காரர் ஜிம் சாமான் என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக் கூரையில் டொக் டொக் என்று கேட்கத் தொடங்கியது.

பெரம்பூரின் பழைய ரயில்வே குடும்பங்களில் இன்னும் சில வீடுகளில் மரப் பியானோ இருக்கிறது. சுவரோடு ஒட்டி நிற்கும் ரகமே பெரும்பாலும் 200 கிலோவைத் தாண்டும். சென்னையின் ஈரக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். உள்ளே இருக்கிற கம்பளித் துணி ஊதிப்போய், அழுத்திய கட்டை எழுந்து வர மறுக்கும். அதற்காகவே பெட்டிக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு வைப்பார்கள். வாடகை மாடிக்கு அதெல்லாம் கட்டுபடியாகாது. மாடி வீட்டுப் பெண்ணுடையது மின்சாரப் பியானோ. 88 கட்டைகளுக்கும் நிஜப் பியானோவின் கனம் வைத்திருக்கிறார்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் இசை முழுவதும் வாசிப்பவர் காதுக்குப் போய்விடும். கட்டை அடியில் போய் முட்டுகிற ஓசை மட்டும் கீழ் வீட்டுக்கு. யாரோ ஓயாமல் தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி இருக்கும். இரண்டாவது வாரம் அவளாகவே கறுப்பு ரப்பர் பாய் ஒன்று வாங்கிப் போட்டாள். ஓசை பாதியானது. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

முப்பத்தைந்து வயது இருக்கும். முன்பு பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தாள். காலை ஏழே காலுக்கு கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும். இரவு ஒன்பதுக்கு மேல் திரும்பக் கொண்டுவந்து விடும். இறங்கி நடக்கும்போது கைப்பையைத் தோளில் மாட்டக்கூட மனமில்லாமல் கையில் தொங்கவிட்டபடி வருவாள். பள்ளிக்கூட நாளில் டிரினிட்டி இசைத் தேர்வுகளில் எட்டாவது கிரேடு வரை முடித்தவள் என்பது அவள் அம்மா ஊரிலிருந்து வரும்போது வாசலில் உட்கார்ந்து சொல்லித்தான் தெரியும். "அதுக்கு மேல டிப்ளமோ இருக்காம். அதை விட்டுட்டமேன்னு இப்ப வேலையை விட்டிருக்கா" என்று எதிர்வீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் பெருமையா புகாரா என்று பிரித்தறிய முடியவில்லை.

வேலையை விட்டாள் என்பதும் முழுக்கச் சரியில்லை. பெரிய அலுவலகத்தை விட்டாள், கணக்கை விடவில்லை. பேப்பர் மில்ஸ் சாலையிலும் அதன் சந்துகளிலும் இருக்கிற சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறாள். 2017 ஜூலையில் அந்த வரி வந்த நாளிலிருந்து இரும்புக் கடை, இனிப்புக் கடை, மொபைல் கவர் விற்கிற கடை எல்லாவற்றுக்கும் மாதம் தவறாமல் கம்ப்யூட்டர் தெரிந்த ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆளுக்கு மேஜை வேண்டாம், பஞ்ச் வேண்டாம். தேதி மட்டும் தவறக்கூடாது.

ஆகவே அவள் மாதத்துக்கு வாரம் கிடையாது, தேதிதான் உண்டு. 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம். 20ஆம் தேதிக்குள் வரி கட்டித் தாக்கல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிற சின்ன வியாபாரிகளுக்கு 13, 22. ஒரு நாள் தள்ளிப்போனால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். போதாததற்கு, கட்டாத வரிக்கு 18 சதவிகித வட்டி. 23ஆம் தேதியிலிருந்து மாடியில் டொக் டொக் மாலையிலும் கேட்கும். 8ஆம் தேதி வாக்கில் மாலைகள் அடங்கிவிடும். காலை மட்டும் எந்தத் தேதியிலும் மாறுவதில்லை. ஏழிலிருந்து பத்து. நடுவில் இரண்டு முறை நாற்காலி நகரும், தண்ணீர்க் குழாய் திறக்கும், மறுபடி தொடங்கும். மாணவர்கள் ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சாதகம் செய்வது இசையமைப்பாளர் சோப்பினுக்குப் பிடிக்காது என்று அவரிடம் படித்தவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். இவள் அந்த மூன்றைத்தான் வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு குக்கர் மூன்று விசில். பதினோரு மணிக்குச் செருப்புச் சத்தம் படியிறங்கும்.

ஹெட்போன் போட்டிருப்பதால் காலையில் அழைப்பு மணி அவளுக்குக் கேட்காது. கூரியர்காரர்கள் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கீழே என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒருநாள் வந்த உறை கிழிந்திருந்தது. உள்ளே பாக் எழுதிய இன்வென்ஷன்கள். இரண்டு குரல்களைத் தெளிவாக வாசிக்கப் பழகுவதற்கென்று 1723இல் அவர் படியெடுத்துத் தொகுத்த பதினைந்து சின்ன உருப்படிகள். இடது கை பின்னால் நின்று ஒத்து ஊதுகிற வேலை இதில் கிடையாது. வலது கை சொன்னதை இடது கையும் சொல்லியாக வேண்டும், அதே தெளிவோடு. அதன் பிறகு கூரையில் கேட்பது எனக்குக் கொஞ்சம் விளங்கத் தொடங்கியது. இடது கை தனியாக, மிக மெதுவாக. ஒரே இடம் திரும்பத் திரும்ப. பிறகு வலது கை. இரண்டும் சேர்ந்ததும் ஓர் இடத்தில் தடுக்கும். உடனே நிற்கும். முதலிலிருந்து தொடங்காமல், தடுக்கிய இடத்துக்கு இரண்டு அடி முன்னால் போய் அங்கிருந்து எடுப்பாள். சுருதி என்ன, ராகம் என்ன என்று எதுவும் எனக்குத் தெரியாது. ஒன்று தெரியும்: அடிக்கு அடி உள்ள இடைவெளி வாரத்துக்கு வாரம் சீராகிக்கொண்டு வந்தது.

மின்சாரம் போனால் பியானோ ஊமை. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது. அதனால் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்தால் முதலில் பார்ப்பவள் அவள்தான். அந்த நாளுக்கென்று கணக்கு வேலையை எடுத்து வைத்துவிடுவாள். ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றதும் தெருவே வாசலுக்கு வந்து விசிறிக்கொள்ளும். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பில் பில்லாகப் புரட்டிக்கொண்டிருப்பாள்.

20ஆம் தேதி மாலை வேறு மாதிரி இருக்கும். அன்று நாடே தாக்கல் செய்வதால் அரசு இணையதளம் நகராது. நகர்ந்தால், கடைசிப் படியில் கடைக்காரரின் போனுக்கு ஓடிபி போகும். அவள் மொட்டைமாடியில் நடந்துகொண்டே பேசுவது தெருவுக்கே கேட்கும்.

"அண்ணாச்சி, ஆறு நம்பர் வந்திருக்கும், பாருங்க."

"..."

"அது பேங்க் மெசேஜ் அண்ணாச்சி. அதுக்குக் கீழ."

"..."

"கண்ணாடி போட்டுட்டே சொல்லுங்க. நான் இருக்கேன்."

கண்ணாடி வருவதற்குள் ஓடிபி காலாவதியாகும். மறுபடி அனுப்ப வேண்டும். இரவு பன்னிரண்டு வரை இது நடக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்கு டொக் டொக் கேட்கும். கொஞ்சம் கனமாக.

ஒருநாள் எதிர்வீட்டு அம்மாள் அவளை வாசலில் நிறுத்தினார். "எதுக்கும்மா இந்தக் கடை கடையா அலைச்சல்? சாயங்காலம் பிள்ளைங்களுக்குக் கீபோர்டு சொல்லிக் குடு. இந்தத் தெருவிலேயே பத்துப் பேர் சேருவாங்க. கையில இருக்கிற வித்தைதானே?"

அவள் சிரித்தாள். "சொல்லிக் குடுத்தா, அப்புறம் வாசிக்க முடியலைங்க ஆன்ட்டி. காது அலுத்துப் போயிடுது."

அம்மாளுக்கு அது நொண்டிச் சாக்காகத்தான் பட்டது. எனக்கு அது அந்த வீட்டின் பட்ஜெட்டாகத் தோன்றியது. இந்த ஊரில் பியானோ வாசிப்பவர்கள் சம்பாதிக்கிற வழிகள் அனேகமாக இசைக்குள்ளேயே இருக்கின்றன: சினிமா ஒலிப்பதிவு, மாதா கோயில் பாடல் குழு, கல்யாண வரவேற்பு, டியூஷன். அவற்றில் நல்ல வாழ்க்கை அமைத்துக்கொண்டவர்கள் நிறைய. ஆனால் பத்துக் குழந்தைகளின் பிசகைத் திருத்திவிட்டு வருகிற காது, இரவில் தன் பிசகைக் கேட்கத் தயாராக இருக்காது. கணக்கு அந்தக் காதைத் தொடுவதில்லை. அவள் விற்பது கண்ணையும் பொறுமையையும். காதைக் காலைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

இதில் அவளுக்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவில் சார்ல்ஸ் ஐவ்ஸ் காப்பீட்டு நிறுவனம் நடத்திக்கொண்டே சிம்பொனிகள் எழுதினார். அவற்றில் மூன்றாவதற்கு 1947இல் புலிட்சர் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 72. பிலிப் கிளாஸின் ஓபரா 1976இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் நடந்தது. அதன் பிறகும் அவர் டாக்சி ஓட்டத்தான் போனார். இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்வதில்லை. ஐவ்ஸின் உடம்பு இரண்டு சுமையையும் தாங்கவில்லை. கடைசி இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் அவர் புதிதாக எதுவும் எழுதவில்லை.

மாடி வீட்டிலும் செலவு தெரியாமல் இல்லை. ஸ்கூட்டர் போயிற்று. ஆவின் பச்சைப் பாக்கெட் நீலமாயிற்று. ஜூலையில் வருமான வரி வேலையும் சேர்ந்துகொள்ள, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. நினைத்த நேரத்தில் வேலை செய்யலாம் என்று இப்படிப்பட்ட பிழைப்பைப் பற்றிச் சொல்வார்கள். நான் பார்த்தவரை, மற்றவர்கள் நினைத்த நேரத்தில்தான் அது வந்து நிற்கிறது. கடைக்காரருக்குக் காலை எட்டு மணிக்குத்தான் பில் ஞாபகம் வரும். அப்போதுதான் கடை திறக்கவில்லை, கை சும்மா இருக்கிறது. போன் அடித்துப் பார்ப்பார். எடுக்க மாட்டாள். இரண்டு கடைகள் அதற்காகவே வேறு ஆளிடம் போயின. அவள் போய்க் கூப்பிடவில்லை.

போன மாதம் ஹார்டுவேர்ஸ் அண்ணாச்சியே நேரில் வந்துவிட்டார். 19ஆம் தேதிதான் பில் கொண்டுவருகிற மனிதர். அன்றும் கையில் பை இருந்தது. படியின் கீழே நின்றபடியே பேசினார்.

"யம்மா, ரெண்டாவது கடை போடப் போறேன். எனக்கு ஆள் வேணும். மாசம் முப்பதாயிரம் தாரேன். காலைல ஒம்பதுக்கு வந்துரு."

அவளுக்கு அது சின்னத் தொகை இல்லை. படியில் ஒரு கணம் நின்றாள்.

"பதினோரு மணிக்கு மேலதான் அண்ணாச்சி வர முடியும்."

"அதுக்கு முன்ன என்ன சோலி?"

"பியானோ வாசிக்கிறேன்."

"அதுல எவ்வளவு வருது?"

"ஒண்ணும் வரலை."

அண்ணாச்சி கோபிக்கவில்லை, சிரிக்கவுமில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டார். "சரி. பதினொண்ணுக்கே வா. ஏழாயிரம் கொறச்சுக்கிடுதேன்."

அவள் காலைப் பொழுதுக்கு அந்தத் தெருவில் ஒருவர் விலை சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா அதைப் பிடிவாதம் என்றிருந்தார். எதிர்வீட்டு அம்மாள் சாக்கு என்று நினைத்தார். அண்ணாச்சி ஒருவர்தான் அதைச் சரக்காக மதித்து விலை வைத்தார். பதினொன்றுக்கு வந்தால் போதும் என்றாகிவிட்டது. காலை அவளிடமே இருக்கும். ஆனால் முதலாளி என்று ஒருவர் வந்துவிட்டால் ரெண்டாவது கடைத் திறப்பு விழாவுக்கும், ஸ்டாக் எடுக்கிற நாளுக்கும், ஆடித் தள்ளுபடிக்கும் அந்தப் பதினொன்று எத்தனை நாள் பதினொன்றாக இருக்கும்? அவள் அதை யோசித்திருக்க வேண்டும்.

"வேலைக்கு வரலை அண்ணாச்சி. ரெண்டாவது கடைக்கும் கணக்குப் பாத்துத் தாரேன். ஆனா பில்லு அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடணும். வரலைன்னா வேற ஆள் பாத்துக்குங்க."

விற்க மனமில்லாதவரிடம் மேலே மேலே விலை ஏற்றிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். முப்பது வருடம் கடை வைத்திருப்பவர். பையை அவளிடம் நீட்டினார்.

"அஞ்சுக்குள்ள குடுத்தா நூறு ரூவா கொறைப்பியா?" என்றார்.