குடியேறும் முன் இரண்டு நாள்

ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊருக்குக் குடிபெயர்தல் இன்று பல குடும்பங்களுக்குத் தவிர்க்க இயலாததாகிவிட்டது. பணிமாற்றம், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவ வசதி எனக் காரணங்கள் பல. ஆயினும், நம்மில் பெரும்பாலோர் புதிய ஊரைப் பெட்டி படுக்கையோடு இறங்கும் நாளில்தான் முதன்முறையாகப் பார்க்கிறோம். அவ்வேளையில் கண்ணில் படுவன வாடகையும் குடிநீரும் பள்ளிக் கட்டணமுமே. அந்நகர் நமக்குத் தரக்கூடிய இன்பங்களைக் காண மனத்திற்கு ஓய்வேது? இதனை எண்ணியே, வரும் ஜூன் மாதம் சென்னையில் குடியேறவிருக்கும் நாங்கள், இம்மே மாதத்தில் ஒரு சனி, ஞாயிறை அங்கு விருந்தினராகக் கழித்துவரத் தீர்மானித்தோம்.

"அக்கினி நட்சத்திரத்திலா?" என்று வியந்தோர் பலர். கடுங்கோடையில் பொறுக்கத்தக்க ஊர் மற்ற மாதங்களில் துன்பம் தராது என்பது எங்கள் கணக்கு. வேறொரு காரணமும் இருந்தது. எங்களோடு வாழும் அன்னையாருக்கு வயது 74. தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் சிற்றூரை விட்டு அவர் அதிகம் வெளியே சென்றவரல்லர். பணிமாற்ற ஆணை வந்த அன்றே, "நீங்க போங்க. நான் வீட்டைப் பார்த்துக்கிட்டு இங்கேயே கிடக்கேன்" என்று கூறிவிட்டார். அவரைத் தனியே விட்டுச் செல்ல எங்களுக்கு மனமில்லை. வற்புறுத்தி அழைத்துச் செல்லவும் மனமில்லை. நகரை ஒருமுறை காணட்டும், பின் அவரே முடிவு செய்யட்டும் என்று எண்ணினோம். அவரும் பேரப்பிள்ளைகளுக்காக உடன்பட்டார்.

வெள்ளி இரவு வண்டியேறி, சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கினோம். 1931ஆம் ஆண்டு முதல் தாம்பரத்திற்கும் கடற்கரை நிலையத்திற்கும் இடையே ஓடிவரும் மின்சார இரயில் எங்களைக் குரோம்பேட்டை உறவினர் இல்லத்திற்குக் கொண்டு சேர்த்தது. நீராடி, பசியாறி, வெயில் ஏறுமுன் மீண்டும் புறப்பட்டோம். பரங்கிமலையில் மெட்ரோ இரயிலுக்கு மாறினோம். 2015இல் தொடங்கிய இச்சேவையின் குளிர்ந்த பெட்டிகளும், தாமே திறந்து மூடும் கதவுகளும் பிள்ளைகளுக்குப் பெருவிருந்து. வண்டி நிலத்தடிக்குள் புகுந்ததும் அன்னையார் எங்கள் கையைப் பற்றிக்கொண்டார். எழும்பூர் வரும்வரை விடவில்லை.

நண்பகல் வெயிலுக்கு நாங்கள் தேர்ந்த புகலிடம் 1851இல் நிறுவப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகம். அமராவதிச் சிற்பங்களையும் சோழர் கால வெண்கலப் படிமங்களையும் கண்டு வியந்தோம். எனினும் எங்கள் குடும்பம் நெடுநேரம் நின்றது ஆதிச்சநல்லூர்ப் பொருள்களின் முன்னர்தான். ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாண்டர் ரீ என்பவர் அகழ்ந்தெடுத்தவை அவை. ஆதிச்சநல்லூர் எங்கள் ஊருக்கு அருகிலுள்ளது. "ஆச்சி, நம்ம ஊர்ச் சாமான் நமக்கு முன்னாலேயே இங்க வந்துட்டு!" என்றான் இளையவன். அன்னையார் சிரித்தார், பயணம் தொடங்கியபின் அவர் சிரித்தது அதுவே முதன்முறை.

மாலையில் மெரினா சென்றோம். பகலில் நிலம் கடலைவிட விரைந்து சூடேறுகிறது. சூடான காற்று மேலெழ, அதன் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மேற்குக் காற்று வலுத்த நாளில் இக்கடற்காற்று தாமதமாகும். அன்று நகரம் தகிக்கும். எங்கள் நற்பேறு, அன்று அது வேளையோடு வந்தது. சுண்டல் பொட்டலங்களோடு மணலில் அமர்ந்தோம். 19ஆம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டப்பட்டபின், வடக்கு நோக்கி நகரும் மணல் அங்குத் தடைபட்டுத் தெற்கே குவிந்ததாலேயே மெரினா இத்துணை விரிந்தது என்றும், அதனால் துறைமுகத்திற்கு வடக்கே கரையைக் கடல் அரித்தது என்றும் பிள்ளைகளுக்கு விளக்கினோம். கேட்டிருந்த அன்னையார், "ஒரு பக்கம் சேர்ந்தா இன்னொரு பக்கம் குறையத்தானே செய்யும்" என்றார். எங்கள் ஊர் வீட்டையே அவர் நினைத்துச் சொன்னாரென்பது எங்களுக்குப் புரிந்தது.

ஞாயிறு காலை பரங்கிமலை ஏறினோம். உச்சியிலுள்ள ஆலயம் போர்த்துக்கீசியரால் 1523இல் கட்டப்பட்டது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், இந்தியாவை அளக்கும் பெரும்பணியின் முதல் அடிக்கோட்டை இம்மலையை ஒட்டித்தான் அளக்கத் தொடங்கினார். கீழே நகரம் கண்ணுக்கெட்டிய வரை பரந்து கிடந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பிள்ளைகள் எண்ணினார்கள். "இவ்வளவு வீட்டுக்குள்ள நம்ம வீடு எது?" என்று கேட்டார் அன்னையார். 'நம்ம வீடு' என்ற சொல் எங்கள் செவியில் தேனாகப் பாய்ந்தது.

அவ்வீட்டையும் அன்றே பார்த்தோம். மூன்றாம் மாடி, இரண்டு அறைகள், நல்ல காற்றோட்டம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நீர் எதுவரை வந்தது என்று அண்டை வீட்டாரிடம் கேட்டோம். முதியவர் ஒருவர் வாயிற்கதவின் இரண்டாம் கம்பியைத் தொட்டுக் காட்டினார். 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்ட அக்கோடையில் என்ன செய்தீர்கள் என்றும் கேட்டோம். "லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். கிணறு மட்டும் முழுதும் வற்றவில்லை" என்றார். வாடகைத் தரகர் சொல்லாத செய்திகள் இவை.

எங்கள் அன்னையாரோ வேறொன்று கேட்டார். "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தூக்கிட்டுப் போக நாலு பேரு இங்க யாரு இருக்கா?" மாடிப்படியில் நின்ற எங்களுக்கு விடை கிடைக்கவில்லை. வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்லவும் நாங்கள் துணியவில்லை.

தெருமுனை மளிகைக் கடைக்குப் பழம் வாங்கச் சென்றோம். அன்னையாரின் பேச்சைக் கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்தார். "ஆச்சிக்கு எந்த ஊரு?" என்றார். அவரும் தென்மாவட்டத்து அண்ணாச்சியே. திருச்செந்தூர்ச் சாலை, ஆற்றுநீர், வாழை விலை என அரைமணி நேரம் பேச்சு ஓடியது. விடைபெறுகையில், "பயப்படாதிய ஆச்சி, நம்ம ஆளுவ இந்தத் தெருவுல பத்து வீடு இருக்கு" என்றார் அவர். அன்னையார் ஒன்றும் கூறவில்லை. அவரது நடையில் மட்டும் சற்று விரைவு கூடியிருந்தது.

அன்றிரவு திரும்பும் வண்டியில் அவர் தம் முடிவைச் சொன்னார். "ஊர் வீட்டை விக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. மழைக்காலம் வரைக்கும் உங்ககூட இருக்கேன். பிறகு பார்ப்போம்." அதற்குமேல் நாங்களும் கேட்கவில்லை. இவ்வளவு உறுதி எங்களுக்குப் போதும்.

குடிபெயரவிருக்கும் குடும்பங்களே, இயன்றால் இரண்டு நாளேனும் புதிய ஊருக்கு முன்கூட்டியே சென்று வாருங்கள். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியூட்டும் இடமொன்றைக் காட்டுங்கள். வெள்ளத்தையும் வறட்சியையும் பற்றி அண்டை வீட்டாரிடம் விசாரியுங்கள். அனைத்திற்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். நாம் கேட்க மறக்கும் கேள்வியை அவர்கள் கேட்பார்கள். அதற்கு விடை தேடுவது இனி நம் கடமை. அந்தப் பத்து வீடுகளின் வாயிலையும் ஜூன் மாதத்திலேயே சென்று தட்டுவதென முடிவு செய்திருக்கிறோம்.