சூடான சாம்பலா, ஆறிய சாம்பலா?

சாம்பலில் என்ன சூடு, என்ன குளிர்ச்சி? அடுப்பில் இருக்கும்வரை சூடு, அள்ளிக் கொட்டும்போது ஆறியது, அவ்வளவுதானே! இப்படி நினைப்பவர்கள் தாம்பரத்தில் ஏதாவது ஒரு பெயிண்ட் கடையில் "சுவத்துக்கு கிரே கலர் வேணும்" என்று கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் ஷேடு கார்டை விரிப்பார். பக்கம் முழுக்க கிரேயாகவே இருக்கும்!

சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் புது அடுக்குமாடி வீடுகளில் ஹாலுக்கு கிரே அடிப்பது இப்போது சகஜம். வீட்டுக்கு வரும் பெரியவர்கள்தான், "என்னப்பா, சிமெண்ட் பூசினதோட விட்டுட்டீங்களா?" என்பார்கள்.

விஷயம் ரொம்ப எளிது. வெள்ளையில் கருப்பைக் கலந்தால் கிரே. அதில் துளி மஞ்சளோ காவியோ சேர்ந்தால் 'வார்ம்' கிரே. ஈர மணல் மாதிரி இருக்கும். துளி நீலம் சேர்ந்தால் 'கூல்' கிரே. மழை மேகம் மாதிரி. தனியாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த வித்தியாசம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. பல்லாவரம், திரிசூலம் மலைகளை உடைத்து எடுத்த ஜல்லிக்கு 'புளூ மெட்டல்' என்று பெயர். கிரே கல்லில் நீலம் தெரிவதைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பாறைக்கு 'சார்னோகைட்' என்று 1893-ல் பெயர் வைத்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால் அந்தப் பெயர். ஆக, கூல் கிரேயை ரயிலில் போகும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்!

பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்களுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் போடுவார்கள். லேசான மஞ்சள் மறைந்து சுவர் பளிச்சென்று ஆகும். வேட்டிக்கு நீலம் போடுகிற அதே கணக்கு. கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் சுவரே நீலமாகிவிடும். ஆனால் அடுத்த பொங்கலுக்கு மறுபடி அடித்துக்கொள்ளலாம். இன்றைய எமல்ஷன் பெயிண்டில் அந்த வசதி இல்லை. பட்டி, பிரைமர், இரண்டு கோட்டிங், ஆள் கூலி என்று செலவு செய்தபிறகு, பிடிக்கிறதோ இல்லையோ, பல வருடம் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

இங்கே முக்கியமான ஆள் வெளிச்சம். நம் வீடுகளில் அதிகம் எரிவது 6500 கெல்வின் டியூப்லைட். வெள்ளையில் நீலம் கலந்த ஒளி. கூல் கிரே சுவர் அதன் கீழே இன்னும் நீலமாகி, ஆஸ்பத்திரி வராந்தா போல ஆகிவிடும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் வார்ம் கிரே அழுக்கேறிய வெள்ளை போலத் தெரியலாம். (எண் ஏற ஏற ஒளி 'குளிர்' ஆகிறது என்பது ஒரு வேடிக்கை!) கடையில் ஒரு விளக்கு, வீட்டில் ஒரு விளக்கு என்றால், கடையில் பிடித்த நிறம் வீட்டுக்கு வந்து வேறு முகம் காட்டாமல் என்ன செய்யும்?

"வடக்குப் பார்த்த அறையில் வெயில் வராது, வார்ம் நிறம் அடியுங்கள்" என்பது இங்கிலாந்து, அமெரிக்கா புத்தகங்களில் வரும் அறிவுரை. அந்த ஊர்களுக்கு அது சரி. தாம்பரம் இருப்பது ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது! அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். மார்கழியில் தெற்கு ஜன்னலில் வரும். இது போதாதென்று, பக்கத்து அபார்ட்மெண்ட் மஞ்சளாக இருந்தால் அதில் பட்டு வரும் வெளிச்சமும் மஞ்சள்தான்.

இன்னொன்று. கூல் கிரே அடித்தால் அறை குளிராது. வெயிலைக் குறைக்க மொட்டை மாடியில் வெள்ளை அடிப்பது உதவும். உள்சுவரின் குளிர்ச்சி கண்ணுக்கு மட்டும்தான்.

அப்படியானால் யாருடைய கண்ணுக்கு? கடைக்குப் போய் நிறம் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் காலை 8 மணி மின்சார ரயிலில் கிண்டிக்கோ கோட்டைக்கோ கிளம்பிவிடுகிறவர். இரவு 8 மணிக்குத் திரும்பி டியூப்லைட்டில் அந்தச் சுவரைப் பார்ப்பார். காலை 9 முதல் மாலை 6 வரை அந்தச் சுவரோடு இருப்பவர் அம்மா, அல்லது நடக்க முடியாமல் கட்டிலில் இருக்கும் பாட்டி. பகலிலும் இருட்டாக இருக்கும் அறையில் நீலம் கலந்த கிரேயை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்தான். ஆனால் ஷேடு கார்டு அவர் கைக்கு வருவதே இல்லை. "உங்களுக்கு என்னம்மா, எதுவா இருந்தா என்ன" என்று முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு சின்ன டப்பா வாங்கி, இரண்டு பெரிய அட்டைகளில் இரண்டு கோட்டிங் அடித்துக் காயவிட வேண்டும். பழைய நிறம் கண்ணை ஏமாற்றாமல் இருக்க, சுற்றிலும் வெள்ளைத் தாள். ஜன்னல் பக்கம் ஒரு நாள், இருட்டு மூலையில் ஒரு நாள் மாட்டி, காலை, மதியம், விளக்கு போட்டபின் என்று பார்க்க வேண்டும். இருட்டு அறை, வெள்ளை டியூப்லைட் என்றால் அநேகமாக வெளிர் வார்ம் கிரே ஜெயிக்கும். மேற்கு வெயில் கொட்டும் அறையில் கூல் கிரே நன்றாகவே நிற்கும்.

மதியம் 2 மணிக்கு அந்த அட்டை எப்படி இருக்கிறது என்று அலுவலகத்திலிருந்து பார்க்க முடியாது. வீட்டுக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்: "அம்மா, ரெண்டுல எதும்மா நல்லாருக்கு?"